பதினான்காம் லூயியும் படைப் பதவிகளும்

1661-இல் எப்பெர்னோன் கோமகன் இறந்ததும் பிரான்ஸ் அரசர் லூயி, அந்தக் கோமகன் வகித்த காலாட்படை கர்னல் ஜெனரல் (காலாட்படைத் தலைவர்) பதவியையே ஒழித்தார். காலாட்படை அதிகாரிகளை நியமிக்கும் செல்வாக்கு அதுவரை அந்தப் பதவியோடுதான் இருந்தது. பிறகு நியமன ஆணைகள் அரசர் பெயரில், போர்த்துறைச் செயலரின் எதிர்க்கையொப்பத்தோடு வந்தன. சிபாரிசுக் கடிதங்களும் அந்தச் செயலரின் மேசைக்கே போயின.

ஆனால் கம்பெனியையும் (கேப்டன் தலைமையிலான சிறு படைப்பிரிவு) ரெஜிமென்டையும் (கர்னல் தலைமையிலான பெரிய பிரிவு) அரசர் சம்மதத்தோடு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வசதியில்லாத பிரபு கேப்டனாக முடியாமல் தேங்குவார். கேப்டனானவர் கர்னலாக முடியாமல் தேங்குவார். மேஜர், லெப்டினன்ட் கர்னல் பதவிகள் மட்டும் விற்பனைக்கில்லை. குதிரைப்படையில் 1667-இலும் காலாட்படையில் 1668-இலும் கர்னலுக்கு மேலான பிரிகேடியர் பதவி வந்தபோது, ரெஜிமென்ட் வாங்காமலே லெப்டினன்ட் கர்னலிலிருந்து மேலே ஏற வழி கிடைத்தது. லூயி ஆட்சியின் ராணுவச் சீர்திருத்தங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

மேல்மட்டத்தில் சிக்கல் வேறு: யாருக்கு யார் கீழ்ப்படிவது? 1672-இல் மூன்று மார்ஷல்கள் (மிக உயர்ந்த தளபதிகள்), மற்றொரு மார்ஷலான தியூரேனின் கீழ் பணியாற்ற மறுத்து அரசவையிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1675-இல் தியூரேன் இறந்ததும் ஒரே நேரத்தில் எட்டு மார்ஷல்கள் நியமிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு மூப்பு வரிசை விதி வந்தது: சமபதவியில் இருப்பவர்களில் முன்பே நியமனம் பெற்றவரே கட்டளையிடுவார். குலப்பெருமை கணக்கில் இல்லை. உயர்குடியினருக்கு இது கடைசிவரை கசந்தது. பணிமூப்பு மீறப்பட்டபோதும் கசப்புதான்: 1702-இல் பிரிகேடியர் பட்டியலில் பணிமூப்பில் தன்னைவிடக் குறைந்தவர்கள் முந்தியதும், நினைவுக்குறிப்புகளால் பெயர்பெற்ற சேன் சிமோன் கோமகன் படையைவிட்டே விலகினார்.