முன்பணம் கட்டிய நாளிலிருந்து

மார்ச் 3

இன்று முன்பணம் கட்டிவிட்டேன். அக்டோபர் 18 அன்று கப்பல் ஏறுகிறோம். அப்பா, அம்மா, நான். ஏழு இரவு, நான்கு துறைமுகம். அம்மா கடல் பார்த்திருக்கிறார், கடலுக்குள் போனதில்லை. பால்கனி உள்ள கேபின்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார், அதையே எடுத்தேன்.

பணம் கட்டும் பக்கத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது, பயணக் காப்பீடும் சேர்க்கவா என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "அதெல்லாம் கிளம்புற வாரத்துல பாத்துக்கலாம்மா, இன்னும் ஏழு மாசம் கிடக்கு" என்றார். கட்டத்தைத் தொடாமல் பணத்தை மட்டும் கட்டினேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அப்பாவுக்கு 73 வயது, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். ஏழு மாதம் அவருக்குச் சின்ன இடைவெளி இல்லை.

மார்ச் 5

கப்பல் நிறுவனமே விற்கும் காப்பீட்டின் விவரங்களை முழுக்கப் படித்தேன். முதலில் பிடித்தது அதன் எளிமை. கட்டணத்தில் இவ்வளவு சதவீதம் என்று பிரீமியம். வயது கேட்பதில்லை. எனக்கும் அப்பாவுக்கும் ஒரே தொகை. மீதிப் பணம் கட்டும் நாள் வரைக்கும் சேர்த்துக்கொள்ளலாம். "எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம்" என்று பெரிய எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள்.

அந்த வரிக்குக் கீழே இருப்பதைப் படித்தால்தான் விஷயம் புரிகிறது. அவர்கள் பட்டியலில் உள்ள காரணமாக இருந்தால் பணம் திரும்ப வரும். பட்டியலில் இல்லாத காரணம் என்றால் கைக்குப் பணம் வராது. அடுத்த பயணத்தின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் வரவாகத்தான் வரும், அதுவும் முழுசாக இல்லை, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. 73 வயதுக்காரர் உடம்பு முடியாமல் ஒரு பயணத்தை விட்டால், அடுத்த வருடம் அதே கப்பலில் போவார் என்று நம்பி அந்த வரவை வைத்துக்கொண்டு இருக்க முடியுமா?

இன்னொன்று. அவர்களிடம் வாங்கியதை மட்டும்தான் அது காக்கும். விமான டிக்கெட்டையும் முதல் நாள் தங்கும் ஹோட்டலையும் நான் தனியாக எடுக்கப் போகிறேன், அவை கணக்கில் வராது. மருத்துவச் செலவுக்கான வரம்பும் தனிக் காப்பீட்டு நிறுவனங்கள் தருவதில் சிறு பங்குதான். கப்பல் நிறுவனமே நொடித்துப்போனால் என்ன ஆகும் என்று தேடினேன். அதற்குப் பதில் இல்லை. அவர்களிடம் வாங்கிய காப்பீடு அவர்களுடைய திவாலிலிருந்து நம்மைக் காக்காது என்பதே பொதுவான நிலை.

மார்ச் 8

இன்று பேச்சு முழுக்க மருத்துவச் செலவு பற்றியே. "கப்பல்ல ஏதாவது ஆனா கம்பெனிதானே பொறுப்பு?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். தேடிப் படித்து அவருக்கு விளக்கினேன். கடல் பயணிகளுக்காக ஏதென்ஸ் உடன்படிக்கை என்று ஒன்று 1974-இல் வந்தது. 2002-இல் அதைத் திருத்தினார்கள், திருத்தம் 2014-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற நாடுகளில், கப்பல் மோதினாலோ தரைதட்டினாலோ தீப்பிடித்தாலோ பயணிக்கு நேரும் காயத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் கேபினில் படுத்திருக்கும்போது நெஞ்சு வலி வந்தால் அது கப்பலின் தவறு ஆகாது. அந்தச் செலவு நம்முடையது.

கப்பலில் மருத்துவர் இருப்பார், செவிலியர் இருப்பார், அவசரத்துக்கு வேண்டிய கருவிகளும் இருக்கும். ஆனால் அது நிலைப்படுத்தி வைக்கும் இடம், அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை இல்லை. பில்லை நம் கேபின் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். இறங்குவதற்கு முன் அதைக் கட்டிவிட்டு, ஊர் திரும்பிய பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் வீட்டு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். நடுக்கடலுக்குச் செல்லாது என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது.

2019 மார்ச் 23 அன்று நார்வே கரையோரம் வைக்கிங் ஸ்கை என்ற கப்பல் புயலில் இன்ஜின் நின்று தத்தளித்தது. கப்பலில் இருந்த 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரை சேர்த்தன. அந்தப் படங்களை இன்று மறுபடி பார்த்தேன். காப்பீடு என்றதும் எனக்கு ஹெலிகாப்டர்தான் கண்ணில் வந்துகொண்டிருந்தது. உண்மையில் பல நாடுகளின் கடலோரக் காவல் படை, உயிரைக் காப்பாற்றியதற்குப் பணம் கேட்பதில்லை. செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. தெரியாத நாட்டில் ஒரு மருத்துவமனை, அங்கிருந்து வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஒரு மருத்துவ விமானம், குணமான பிறகு படுக்கையிலேயே ஒரு செவிலியரோடு ஊருக்குத் திரும்பும் பயணம். பாலிசியில் இந்த வரம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஒரு வார்த்தையையும் கவனிக்க வேண்டும். சில பாலிசிகள் "அருகிலுள்ள தகுந்த மருத்துவமனை" வரைக்கும்தான் கொண்டு போகும். சில பாலிசிகளில் நாம் சொல்லும் மருத்துவமனைக்கே வரலாம்.

மார்ச் 9

அண்ணன் பேசினான். "கிரெடிட் கார்டுலயே இன்சூரன்ஸ் வருதே, எதுக்கு தனியா?" என்றான். கார்டின் விதிகளை எடுத்துப் பார்த்தோம். ரத்துக்குக் கொஞ்சம் உண்டு, தொலைந்த பெட்டிக்குக் கொஞ்சம் உண்டு, மருத்துவத்துக்கு எதுவும் இல்லை. சரி, அந்த வழியும் அடைபட்டது.

மார்ச் 12

இந்த ஒரு நாளில் கற்றது, போன பத்து நாளில் கற்றதைவிட அதிகம்.

எங்கே வாங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். எப்போது வாங்குகிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று இன்றுதான் தெரிந்தது. தனி நிறுவனங்களின் பாலிசிகளில் "ஏற்கெனவே உள்ள நோய்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாலிசி எடுக்கும் நாளிலிருந்து 60 நாள், சிலவற்றில் 180 நாள் வரைக்கும் பின்னோக்கிப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் புதிதாக ஒரு நோய் தெரியவந்திருந்தாலோ, சிகிச்சை மாறியிருந்தாலோ, அதனால் வரும் எதற்கும் பணம் கிடையாது. இதை விலக்கு என்கிறார்கள். மாத்திரையின் அளவை மாற்றியதுகூட மாற்றம்தான். ஜனவரி 20 அன்று அப்பாவின் மாத்திரையை டாக்டர் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். "அளவு கூட்டினதுக்கு என்னம்மா, அதே மாத்திரைதானே" என்கிறார் அப்பா. பாலிசியின் கண்ணில் அது அதே மாத்திரை இல்லை.

இதற்கு ஒரு கதவு உண்டு. பல பாலிசிகளில், பயணத்துக்கு முதல் பணம் கட்டிய நாளிலிருந்து 14 நாளுக்குள், சிலவற்றில் 21 நாளுக்குள் எடுத்துவிட்டால் அந்த விலக்கையே தள்ளுபடி செய்துவிடுகிறார்கள், அதாவது பழைய நோயைக் காட்டிப் பணத்தை மறுக்க மாட்டார்கள். இரண்டு நிபந்தனைகள். திரும்ப வராத பணம் எவ்வளவோ அவ்வளவுக்கும் காப்பீடு எடுக்க வேண்டும். வாங்கும் நாளில் பயணம் செய்யும் உடல்நிலையில் இருக்க வேண்டும். இன்றோடு ஒன்பது நாள் போய்விட்டது.

அண்ணனிடம் சொன்னேன். அவன் வேறு கோணத்தில் யோசித்தான். "ஜூலையில வாங்கினா ஜனவரியில மாத்தினது அந்த 60 நாளுக்கு வெளிய போயிடும்ல?" கணக்குப்படி சரிதான். ஆனால் ஜூலைக்குள் டாக்டர் வேறு எதையும் மாற்ற மாட்டார் என்று யார் சொல்ல முடியும்? அதோடு, அதுவரைக்கும் ஏதாவது நடந்து ரத்து செய்ய நேர்ந்தால் கையில் எந்தப் பாலிசியும் இருக்காது. ரத்துக்கான பாதுகாப்பு வாங்கிய மறுநாளே தொடங்கிவிடும், மருத்துவப் பாதுகாப்பு கிளம்பும் நாளில்தான் தொடங்கும். ஒரே பிரீமியம்தான், ஆனால் சீக்கிரம் வாங்குகிறவருக்கு ஏழு மாதப் பாதுகாப்பு கூடுதலாகக் கிடைக்கிறது.

இரவு படுத்த பிறகுதான் பாட்டி நினைவுக்கு வந்தார். அப்பாவின் அம்மா, 94 வயது. அவர் எங்களோடு வரவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாங்கள் யாரும் கப்பல் ஏறப் போவதில்லை. எழுந்து விளக்கைப் போட்டு மறுபடி படித்தேன். பயணத்தில் வராத நெருங்கிய உறவினரின் நோயும் ரத்துக்குக் காரணமாக ஏற்கப்படும். ஆனால் நான் படித்துக்கொண்டிருந்த பாலிசியில் அந்த உறவினரின் பழைய நோய்க்கும் அதே விலக்கு உண்டு. அதே தள்ளுபடிதான் அவரையும் காக்க வேண்டும். பாட்டியின் இதயம் இரண்டு வருடமாகவே பலவீனமாக இருக்கிறது.

மார்ச் 13

மூன்று நிறுவனங்களுக்கு ஒரே நான்கு கேள்விகளை எழுதி அனுப்பினேன். முதல் பணத்திலிருந்து எத்தனை நாள்? பயணத்தில் வராத தாயின் பழைய நோய்க்கும் தள்ளுபடி உண்டா? அப்பா ரத்து செய்தால் கூட வரும் நாங்களும் ரத்து செய்யலாமா? கேபினுக்குள்ளேயே தனிமைப்படுத்தினால் என்ன தருவீர்கள்? போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறார்கள். எழுத்தில் வந்தால்தான் நாளைக்குக் காட்ட முடியும்.

துறைமுகம் தவறினால் தருவதைப் பற்றிக் கேட்கவில்லை. வானிலை மோசமானால் துறைமுகத்தை விட்டுவிட்டுப் போக கேப்டனுக்கு உரிமை இருக்கிறது, டிக்கெட் விதிகளிலேயே அது உண்டு. ஒரு துறைமுகம் போனால் போகட்டும்.

மார்ச் 15

வாங்கிவிட்டேன். பன்னிரண்டாம் நாள்.

ஒரு நிறுவனம் நான்கு கேள்விக்கும் எழுத்தில் தெளிவாகப் பதில் சொன்னது, பிரிவு எண்ணோடு. அதனிடமே எடுத்தேன். வயதைப் பார்ப்பதால் அப்பாவின் பிரீமியம் கப்பல் நிறுவனத்தில் கேட்டதைவிட அதிகம். எனக்குக் குறைவு. மூன்றையும் கூட்டினால் வித்தியாசம் பெரிதில்லை.

"எந்தக் காரணத்துக்காகவும் ரத்து" என்பதைத் தனி நிறுவனங்களும் கூடுதல் பிரீமியத்துக்குத் தருகின்றன. அங்கே பணமாகவே வரும், பொதுவாக 50 முதல் 75 சதவீதம், கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பே ரத்து செய்ய வேண்டும். அதையும் இந்த முதல் நாட்களுக்குள்தான் சேர்க்க முடியும். நிறைய யோசித்து வேண்டாம் என்று விட்டேன். எங்கள் பயம் எல்லாம் அப்பாவின் உடம்பும் பாட்டியின் உடம்பும்தான், அவை இரண்டும் பட்டியலுக்குள் வந்துவிட்டன. வேலையில் விடுப்பு கிடைக்குமா என்று தெரியாதவர்களுக்கு அது தேவைப்படலாம்.

இப்போதைக்குக் கட்டியிருக்கும் பணத்துக்கும் விமான டிக்கெட்டுக்கும் மட்டும் எடுத்திருக்கிறேன். மீதியைக் கட்டும்போது காப்பீட்டுத் தொகையையும் கூட்ட வேண்டும்.

மார்ச் 22

பாலிசி ஆவணம் வந்தது. பிடிக்கவில்லை என்றால் முதல் சில நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம், எங்களுக்கு அது 14 நாள். அதற்குள் படித்துவிட வேண்டும் என்று அம்மாவும் நானும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தோம். அம்மாதான் கண்டுபிடித்தார், அப்பாவின் பிறந்த வருடம் ஒன்று தள்ளி அச்சாகியிருக்கிறது. கிளெய்ம் நேரத்தில் இது எவ்வளவு பெரிய சிக்கலாக ஆகியிருக்கும்! உடனே எழுதினேன், மாலைக்குள் திருத்தி அனுப்பினார்கள்.

ஜூலை 19

மீதிப் பணம் கட்டினேன். 90 நாள் முன்பு கட்ட வேண்டும், நாளை கடைசி நாள். இனி ரத்து செய்தால் முன்பணம் மட்டும் போகாது. கப்பல் கிளம்பும் தேதி நெருங்க நெருங்க பிடித்தம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் முழுக் கட்டணமும் போய்விடும். இன்றே காப்பீட்டுத் தொகையையும் கூட்டிவிட்டேன். இதை மறந்திருந்தால் அந்தத் தள்ளுபடியே செல்லாமல் போயிருக்கும்.

ஜூன் மாதத்தில் அப்பாவுக்கு இரண்டாவது மாத்திரை ஒன்று சேர்ந்தது. ஜூலையில் வாங்கலாம் என்று அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அவனிடம் இதைப் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் 10

நாங்கள் போகும் பக்கத்துக் கடலில் ஒரு புயலுக்கு நேற்றுப் பெயர் வைத்துவிட்டார்கள். அதே கப்பலில் வரும் தோழி பதறிப்போய்க் கூப்பிட்டாள், இன்றைக்கே காப்பீடு எடுக்கலாமா என்று. எடு என்றேன், மருத்துவத்துக்காக எடு. கிளம்பும் முந்தின நாள் வரைக்கும் மருத்துவத்துக்கு மட்டும் எடுக்கலாம். ஆனால் இந்தப் புயலால் பயணம் கெட்டால் அவளுக்குப் பணம் வராது. பெயர் வைத்த பிறகு அது தெரிந்த நிகழ்வு ஆகிவிடுகிறது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடிக்கிடந்தபோதும், செய்தி வந்த பிறகு பாலிசி எடுத்தவர்களுக்கு இதே நிலைமைதான். அவளிடம் இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. மார்ச்சிலேயே இதையெல்லாம் அவளுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அக்டோபர் 15

புயல் திசை மாறிவிட்டது. பாட்டி நன்றாக இருக்கிறார், அத்தை வந்து கூட இருக்கிறார்.

நாளை மறுநாள் விமானம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, அதனால் ஒரு நாள் முன்பே போய்ச் சேருகிறோம். காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணை மூன்று பேர் போனிலும் ஏற்றி, தாளிலும் எழுதிவைத்தேன். அப்பாவைக் கரைக்கு மாற்ற வேண்டி வந்தால் முதலில் அந்த எண்ணுக்குத்தான் பேச வேண்டும், நாமே விமானம் ஏற்பாடு செய்துவிட்டுப் பின்னால் கேட்டால் தர மறுக்கலாம். கப்பலில் மருத்துவரிடம் போனால் ஒவ்வொரு பில்லும் மருத்துவக் குறிப்பும் வாங்கிவைக்க வேண்டும்.

அப்பாவின் மாத்திரைகளைப் பத்து நாளுக்கு எண்ணி, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்தேன், பெட்டியில் வைக்கவில்லை. பாலிசியின் நகலை அதே பையில் வைக்கச் சொன்னார் அம்மா. அப்பா அதை வாங்கித் தன் பிறந்த வருடத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.