ஒண்ணும் ஆகாதுண்ணே

“எழுதிக்கிட்டுப் போனா பின்னாடி யாரும் வந்து நிக்க மாட்டாகளே, தம்பி?”

தேவகோட்டைப் பக்கம் ஒரு கரிமூட்டத்தில் அந்த அண்ணன் கேட்டது. “ஒண்ணும் ஆகாதுண்ணே” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதற்கு அப்புறம்தான் அவர் கணக்கைச் சொன்னார்.

நான் கையில் கொண்டுபோயிருந்த படிவம் இங்குள்ள கணக்குக்காக அல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு வெளிவிடும் பசுங்குடில் வாயுக்களின், அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்களின், கணக்குக்குக் காரைக்குடியில் இருந்தபடி உதவிக்கொண்டிருந்தேன். பாரிஸ் காலநிலை ஒப்பந்தப்படி நாடுகள் இந்தக் கணக்கைக் காட்டும் முதல் வெளிப்படைத்தன்மை அறிக்கைக்கு 2024 டிசம்பர் 31 கெடு. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு அதில் சலுகை உண்டு. ஆனாலும் அவர்கள் கொடுத்துவிட வேண்டும் என்று நின்றார்கள். அங்கே பாதிச் சமையல் கரியில்தான் நடக்கிறது. அறிக்கை அட்டவணையில் கரி தயாரிப்புக்கான கட்டத்தில் போட எண் இல்லையென்றால் ‘என்.ஈ.’, அதாவது மதிப்பிடவில்லை, என்று போடலாம். அதுவும் நேர்மையான பதில்தான். ஆனால் ஊரே புகைகிற இடத்தில் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நல்ல அடுப்புக்கு நிதி கேட்கும்போது எதைக் காட்டுவார்கள்? அதனால் மூட்டம் போடுகிறவர்களிடமே கேட்க ஒரு படிவம் எழுதினேன். அதைச் சோதிக்க நம்மூர்க் கருவேல மூட்டத்தைவிட வேறு எங்கே போவது?

படிவத்தில் ‘ஆண்டு உற்பத்தி, டன்னில்’ என்று இருந்தது. அவர் மூட்டத்தில் சொன்னார், மூட்டையில் சொன்னார். தூர்க்கரி வேறு எடை, குச்சிக்கரி வேறு எடை என்றார். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசியிருந்த மூட்டத்தில் ஒரு ஓட்டையைக் குச்சியால் குத்திவிட்டு, புகையைப் பார்க்கச் சொன்னார். வெள்ளையாகக் கனத்து வந்தால் உள்ளே இன்னும் ஈரம். நீலமாக மெலிந்தால் கரி ஆகிவிட்டது, ஓட்டையை அடைத்துவிட வேண்டும். மரத்திலிருந்து வரும் கரியமில வாயு காடு, நிலம் பற்றிய தனிக் கணக்கில் போய்விடும். எனக்கு வேண்டியது காற்றுப் பற்றாமல் வேகும்போது வரும் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல 28 மடங்கு. அதைப் பிடிக்க எத்தனை மூட்டம், எவ்வளவு விறகு என்று தெரிந்தாக வேண்டும். அவர் பொறுமையாகச் சொன்னார். என் படிவத்தில் பாதியை அன்று அவர்தான் திருத்தினார் என்று சொல்ல வேண்டும்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. 2017இல்தான் சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மரத்தைப் பற்றியோ புகையைப் பற்றியோ யார் நோட்டுடன் வந்தாலும் அவருக்கு அது நல்ல சேதியாக இருந்ததில்லை.

என் பதில் பொய்யில்லை. அவர் சொன்ன எண் எந்த அரசுக்கும் போகவில்லை, என் கணினியோடு நின்றது. ஆனால் அதே வாக்கியத்தைப் படிவத்தின் முதல் வரியாகவும் எழுதி வைத்திருந்தேன்: ‘நீங்கள் சொல்வதால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது.’ அதை மொழிபெயர்த்து அங்கே கணக்கெடுப்பவர்கள் வீடு வீடாகச் சொன்னார்கள். சொல்வதற்கு முன் அங்குள்ள சக ஊழியர் கேட்டார், கரி சுட எங்கள் நாட்டில் அனுமதி வேண்டும், பலரிடம் அது கிடையாது, இந்த வரியை நாம் சொல்லலாமா என்று. எல்லாப் படிவத்திலும் இருக்கிற வரிதான், எண்களைத் தொகுத்துத்தான் வெளியிடுவோம் என்று பதில் போட்டேன். அதுவும் பொய்யில்லை.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று யோசித்தால் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்துதான் என்று தோன்றுகிறது. அதன் 13ஆம் பிரிவு, இந்த வெளிப்படைத்தன்மை ஏற்பாடு தலையிடாமல், தண்டிக்காமல் நடக்க வேண்டும் என்கிறது. எத்தனையோ பயிற்சிகளில் அதை நான் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். அந்த உறுதி நாடுகளுக்கு நாடுகள் கொடுத்தது. மூட்டம் போடுகிறவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கொடுக்க அதிகாரமில்லாத ஒன்றை நான் அள்ளிக் கொடுத்துவிட்டேன்.

பேரேடும் ஐந்தொகையும் எழுதியே பிழைத்த ஊர் இது. கணக்கில் ஏறுவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, இப்போதும் பெரிதாக இல்லை. அந்தக் கட்டத்தில் எண் ஏறியது. சரிபார்ப்பவர்கள் அதன் மூலத்தைக் கேட்டபோது ஊர்ப் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டுத் தாள்களைக் கொடுத்தேன். வெளிப்படைத்தன்மைக்கு அது குறைதான். இன்றுவரை யாருக்கும் எதுவும் நேர்ந்ததாகக் கேள்விப்படவில்லை. நேர்ந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும், யார் வந்து சொல்வார்கள் என்பதற்குத்தான் பதில் இல்லை. “தெரியலண்ணே” என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பேசியிருக்க மாட்டார். கட்டம் காலியாகவே இருந்திருக்கும். அதுவும் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த அறிக்கைக்கு 2026 டிசம்பர் கெடு. படிவத்தை மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியை இரண்டு தடவை அழித்து இரண்டு தடவை திரும்ப எழுதிவிட்டேன். இப்போதைக்கு ‘உங்கள் பெயரையும் ஊரையும் எழுத மாட்டோம்’ என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். அது என் கையில் இருப்பது.