பெண் பேராயர்: முடிச்சு விழுந்த இடம்

இங்கிலாந்து திருச்சபையோடு உறவுள்ள உலகத் திருச்சபைகளின் குடும்பம்தான் ஆங்கிலிக்கன் ஐக்கியம். அதன் மூத்த பதவியான காண்டர்பரியின் அடுத்த பிரதம பேராயர் சாரா முல்லாலி என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண் அவர். அப்படியானால் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் திருச்சபையிலும் பெண் பேராயர் வருவாரா? அந்த வழியாக வர முடியாது. சிங்கப்பூர் டயோசிஸ் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) 1996 முதல் கூச்சிங், சாபா, மேற்கு மலேசியா டயோசிஸ்களோடு சேர்ந்த தென்கிழக்காசிய மாகாணத்தில் இருக்கிறது. தன் சட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் மாகாணம் அது. காண்டர்பரிக்கு மரியாதை உண்டு, கட்டளையிடும் அதிகாரம் இல்லை. இங்கே பெண்களுக்குக் குருப்பட்டமே கிடையாது. குருவானவராக இல்லாதவர் பேராயராக முடியாது.

இங்கிலாந்து திருச்சபையில் பெண்கள் 1994லேயே குருவானவர்கள் ஆகிவிட்டார்கள். பேராயராக இன்னும் 21 ஆண்டுகள் ஏன் பிடித்தது? பெண் குருவானவரை ஏற்க மனமில்லாத சபை, வேறொருவரை அழைத்துக்கொள்ளலாம். பேராயர் விஷயத்தில் அப்படி ஒதுங்க முடியாது. குருப்பட்டம் கொடுப்பது அவர் கை. அந்தக் கையை ஏற்காதவர்கள், அது பட்டம் கொடுத்த ஆண் குருவானவரையும் அவர் நடத்தும் திருவிருந்தையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள். முடிச்சு விழுந்தது இங்கேதான். பெண்கள் பிரசங்கிக்கலாமா என்ற பழைய வாதத்தையே திரும்பத் திரும்பப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

2012 நவம்பரில், பெண்களைப் பேராயராக்கும் இங்கிலாந்து திருச்சபையின் மசோதா தோற்றது. திருச்சபையின் சட்டமன்றமான சினாடின் மூன்று அவைகளிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பேராயர் அவையிலும் குருமார் அவையிலும் தாராளமாகத் தேறியது. குருப்பட்டம் பெறாத சபையாரின் அவையில் ஆதரவு 132, எதிர்ப்பு 74. தேவைப்பட்டது 138, ஆறு வாக்குதான் குறைவு. மறுக்கும் சபைகளுக்கு ஓர் ஆண் பேராயரைத் தர அந்த மசோதா இடம் வைத்திருந்தது. ஆனால் அவருடைய அதிகாரம் டயோசிஸ் பேராயரிடமிருந்து கைமாற்றித் தரப்படும் அதிகாரம். டயோசிஸ் பேராயர் பெண்ணாக இருந்தால், மறுப்பவர்களின் சிக்கல் அப்படியே நிற்கும்.

2014 ஜூலையில் சட்டத்தைச் சுருக்கி, மறுப்பவர்களுக்கான ஏற்பாடுகளைப் பேராயர்களின் பிரகடனத்துக்கு மாற்றினார்கள். இந்த முறை சபையார் அவையில் 152க்கு 45 என்று தேறியது. 2015 ஜனவரியில் லிபி லேன் யார்க் பேராலயத்தில் இங்கிலாந்து திருச்சபையின் முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

பிரகடனத்தின்படி, ஆண் பேராயர் வேண்டும் என்று கேட்கும் சபைக் கமிட்டி நான்கு வாரம் முன்பே இடம், நேரம், தீர்மான வாசகம் மூன்றையும் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வந்திருந்தால் வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். அத்தனை பேர் வராவிட்டால் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். காரணம் இறையியல் நம்பிக்கையாக இருக்க வேண்டும். ஆள் பிடிக்கவில்லை என்பதெல்லாம் செல்லாது. எதிர்த்து நிற்பவர்களுக்கும் மதிப்போடு இடம் கொடுத்த இந்த ஏற்பாடு நல்லது என்றே நினைக்கிறேன், பெண் பேராயர்களை முழுமனதாக ஆதரித்துக்கொண்டே.

நம்மில் பலருக்கு ஊரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உறவு உண்டு. லிபி லேனுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே, 2013 செப்டம்பரில், எக்கோனி புஷ்ப லலிதா அந்தத் திருச்சபையில், ஆந்திராவின் நந்தியால் பேராயரானார். சி.எஸ்.ஐ.யும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உள்ள திருச்சபைதான். ஆகவே இதை மேற்கத்தியர் நம்மீது திணிக்கும் பழக்கம் என்று ஒதுக்குவது சரியில்லை. ஆசியாவின் பங்கு அதைவிடப் பழையது: ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முதல் பெண் குருவானவர் ஃபுளோரன்ஸ் லீ டிம் ஓய் 1944இல், போர்க்கால சீனாவில், ஹாங்காங் பேராயரிடம் பட்டம் பெற்றவர்.

சிங்கப்பூரில் பேச்சைத் தொடங்க வேண்டியது குருப்பட்டத்திலிருந்து. டயோசிஸ் சினாடிலும் மாகாண சினாடிலும் முதலில் வைக்க வேண்டிய கேள்வி அதுதான்.