நல்லம்பள்ளி வீட்டு வாசல்ல ஆடி டிடி (Audi TT) காருக்கு பிரேக் பேடு மாத்தினது – ரெண்டு ஞாயித்துக்கிழமை

தொப்பூர் கணவாய்க்குப் பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு பிரேக்கோட அருமை நல்லாத் தெரியும். எங்க தருமபுரி ஜில்லா நல்லம்பள்ளில இருந்து சேலம் போகணும்னா அந்த இறக்கத்துல இறங்கித்தான் ஆகணும், முன்னாடி போற லாரியோட பிரேக் லைனர் கருகற வாடை கண்ணாடி ஏத்தியிருந்தாலும் உள்ள வந்துரும். 2020 டிசம்பர்ல ஒரு தடவ, 2024 ஜனவரில ஒரு தடவ, லாரி கட்டுப்பாடு இல்லாம வந்து முன்னாடி இருந்த வண்டிங்க மேல ஏறி உயிர்ச்சேதம் ஆச்சு, இதெல்லாம் எங்க ஊரு ஆளுங்க மறக்கவே மாட்டாங்க. அதனால வண்டில வேற எது போனாலும் அப்புறம் பாத்துக்கலாம்னு விடுவேன், பிரேக்ல மட்டும் விடமாட்டேன்.

வண்டி ஆடி டிடி, 2010 மாடல், 2 லிட்டர் டர்போ பெட்ரோல். மூணு வருஷம் முன்னாடி பெங்களூர்ல செகண்ட் ஹேண்டா எடுத்தது. வாரத்துல ஒரு நாள்தான் வெளிய எடுப்பேன், பெரும்பாலும் ஏற்காடு. போன மாசம் ஏற்காட்டுல இருந்து அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது பின்னாடி வலது பக்கம் லேசா கீச்சு கீச்சுன்னு சத்தம், பிரேக்க விட்டதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து நிறுத்தினதும் சித்தப்பா வந்து நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல உள்ளங்கையக் கொண்டு போயி பாத்தாரு. அவரு 25 வருஷம் சேலம் பெங்களூர் லாரி ஓட்டினவரு, எங்க நிறுத்தினாலும் இறங்கி சக்கரத்த கையால பாக்கறது அவருக்குப் பழக்கம். "கண்ணு, இது மட்டும் தனியா காயுது பாரு"ன்னாரு. நானும் கை வச்சுப் பாத்தேன், இடது பின் சக்கரம் வெதுவெதுப்பா இருந்துச்சு, வலது பக்கத்துல கைய வைக்கவே முடியல. அந்த ரிம்ல கருப்புத் தூளும் மத்த மூணவிட ரெண்டு மடங்கு அதிகமா படிஞ்சிருந்துச்சு.

சர்வீஸ்ல குடுத்தா பேடு, அதாவது சக்கரத்தோட சுத்தற டிஸ்க் தகட்ட ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கற தேயற கட்டை, அத மாத்திக் குடுத்துருவாங்க, ஆனா ஒரு சக்கரம் மட்டும் ஏன் காயுதுன்னு எனக்கு என் கண்ணால பாக்கணும். அதான் நாமளே பண்ணலாம்னு முடிவு பண்ணேன். முன்னாடி பின்னாடி ரெண்டு செட் பேடும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், 11,000 சொச்சம் ஆச்சு. கூடவே பின் சக்கர பிரேக்ல பேட அழுத்தற பிஸ்டன திருகி உள்ள தள்ளற டூல், பிரேக் கிளீனர் ரெண்டு டப்பா, சிலிகான் பிரேக் கிரீஸ் ஒரு டியூப். போல்ட்ட சரியான அளவுக்கு இறுக்கற டார்க் ரென்ச் ஏற்கனவே இருந்துச்சு.

முதல் ஞாயிறு காலைல 6 மணிக்கே ஆரம்பிச்சேன், வெயில் ஏறிட்டா எங்க வாசல்ல உக்கார முடியாது. வீல் போல்ட்ட கழட்டப் போனா ஒரு சக்கரத்துக்கு ஒரு போல்ட்டு திருட்டு லாக் போல்ட்டு, அதுக்கான அடாப்டர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. டிக்கில டூல் பையி, அடி அட்டை எல்லாம் புரட்டி அரை மணி நேரம் தேடினதுல கிடைச்சுது. நீங்க யாராச்சும் பண்றதா இருந்தா மொதல்ல அத தேடி கையில எடுத்துட்டு அப்புறம் பேடு ஆர்டர் போடுங்க.

ஜாக்கி தூக்கினதும் சித்தப்பா ஹாலோ பிளாக் ரெண்டு எடுத்துட்டு வந்தாரு முட்டுக் குடுக்க. நான் வேணாம்னுட்டேன். ஹாலோ பிளாக், செங்கல் எல்லாம் பாக்க கெட்டியா இருக்கும், கார் வெயிட்டு ஒரு முனைல விழுந்தா சடார்னு வெடிச்சுரும். ஸ்டாண்டு ரெண்டு வாங்கி வச்சிருந்தேன், அதுமேலதான் நிறுத்தினேன். தரைல இருக்கற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வாசல்ல கெடந்த கிரானைட் துண்டுகள அடை குடுத்தோம், எங்க ஜில்லால அதுக்கு பஞ்சமே இல்ல. பின் சக்கரம் பண்ணும்போது ஹேண்ட் பிரேக்க கீழ விட்டுருக்கணும், அதனால முன் சக்கரத்துக்கு அடை ரொம்ப முக்கியம், கியர் பி-ல (பார்க்கிங்) இருக்கேன்னு மட்டும் நம்பாதீங்க.

முன்னாடி ரெண்டும் சுலபமா முடிஞ்சுது. ஸ்டியரிங்க ஒடிச்சு வச்சா காலிப்பர், அதாவது பேடயும் பிஸ்டனயும் தாங்கி டிஸ்க்க கவ்வற பிடி, வெளிய நல்லா தெரியும், வெளிப்பக்கம் இருக்கற ஸ்பிரிங் கம்பிய நெம்பி எடுத்துட்டு, ரப்பர் மூடிக்குள்ள இருக்கற ரெண்டு கைடு பின்ன 7 எம்எம் அலன் கீயால கழட்டினா காலிப்பர் கையோட வந்துருது. அத பிரேக் ஆயில் போற ஹோஸ்ல தொங்க விடக்கூடாது, கம்பி போட்டு மேல சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல கட்டி வச்சேன். இடது பக்க பேடுல தேய்மானம் காட்டற சென்சார் ஒயர் இருக்கு, அவசரப்பட்டு இழுத்தா அறுந்துரும், கனெக்டர மொதல்லயே கழட்டிரணும். பழைய பேடு நாலும் ஒரே மாதிரி 4 எம்எம் சொச்சம் இருந்துச்சு. பேடு ஒட்டியிருக்கற இரும்புத் தகட்ட சேக்காம 2 எம்எம்தான் லிமிட், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம், ஆனா கழட்டினது கழட்டியாச்சுன்னு புதுசே போட்டேன். டிஸ்க் கனம் புதுசுல 25 எம்எம், குறைஞ்சது 22 இருக்கணும், வெர்னியர் வச்சுப் பாத்தா 23.8.

பிஸ்டன உள்ள தள்றதுக்கு முன்னாடி பானெட்ட தூக்கி பிரேக் ஆயில் டப்பாவப் பாத்துருங்க. பேடு தேயத் தேய ஆயில் மட்டம் தானா இறங்கும், அது கம்மியாயிருச்சுன்னு நெனச்சு யாரோ மேல வரைக்கும் ஊத்தி வச்சிருந்தாங்க. அப்படியே தள்ளியிருந்தா எல்லாம் பொங்கி வெளிய வந்து பெயிண்ட உரிச்சிருக்கும். மருந்துக்கடை சிரிஞ்ச் ஒண்ணு வாங்கிட்டு வந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தேன். எடுத்த ஆயில் டீத்தண்ணி கலர்ல இருந்துச்சு. அத மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

மத்தியானம் சாப்ட்டு பின்னாடி போனேன். இடது பின் சக்கரம், உள் பேடு 6 எம்எம், வெளிப் பேடு 6 எம்எம், சரிசமமா தேஞ்சிருக்கு. வலது பக்கம் கழட்டி கைல எடுத்ததும் வேலைய நிறுத்திட்டு அப்படியே உக்காந்துட்டேன். வெளிப் பேடு 6 இருக்கு. உள் பேடு ஒன்றரை எம்எம்தான் இருக்கு, அதுவும் மட்டமா இல்ல, ஆப்பு மாதிரி ஒரு முனை சாஞ்சு தேஞ்சு, விளிம்புல ஒரு சின்ன சில்லு பேந்து போயிருக்கு. இன்னும் நாலு தடவ ஏற்காடு போயிருந்தா இரும்புத் தகடு டிஸ்க்ல உரசியிருக்கும். வெளிய இருந்து ரிம் சந்துல எட்டிப் பாத்தா வெளிப் பேடு மட்டும்தான் தெரியும், அது பாக்க நல்லாவே இருந்துச்சு, நானும் ரெண்டு மாசம் முன்னாடி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு இன்னும் நெறைய இருக்குன்னு திருப்தியா எழுந்து போனவன்தான்.

இந்த வகை காலிப்பர்ல பிஸ்டன் உள் பக்கம் ஒண்ணே ஒண்ணுதான். பிரேக் அடிச்சா அது உள் பேட டிஸ்க் மேல அழுத்தும், அந்த அழுத்தத்துலயே காலிப்பர் மொத்தமா ரெண்டு கைடு பின் மேல உள் பக்கமா நகந்து வெளிப் பேடயும் இழுத்து டிஸ்க்க பிடிக்கும். அந்த பின்னு நகராம இறுகிட்டா வெளிப் பேடு சும்மா உக்காந்திருக்கும், உள் பேடே எல்லா வேலையும் செய்யும், கால எடுத்தாலும் முழுசா விலகாது. அதான் சூடு, அதான் சத்தம். கீழ் கைடு பின் கையால தள்ளினதும் வழுக்கிக்கிட்டு போச்சு. மேல் கைடு பின் அசையவே இல்ல. கிளீனர் அடிச்சு, சுத்திச் சுத்தி, கால் மணி நேரம் போராடி வெளிய எடுத்தா, அதுமேல தார் மாதிரி கெட்டிப்பட்டுப் போன கிரீஸ், ரப்பர் உறை உப்பிப் போயி விரலால அமுக்கினா கொழகொழன்னு இருக்கு. முன்னாடி பாத்த ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்ல வீல் பேரிங்குக்கு போடற சாதா கிரீஸ போட்டிருக்காங்கன்னு நெனைக்கறேன். பெட்ரோலிய கிரீஸ் பிரேக்ல இருக்கற ரப்பருக்கு ஆகவே ஆகாது, ஊதி வீங்கிரும், வீங்கினா பின்ன கவ்விப் பிடிச்சுக்கும். இதுக்குன்னு இருக்கற சிலிகான் கிரீஸ்தான் போடணும். அதே சமயம் முன் காலிப்பர்ல பின்னு ரப்பர் புஷ்ஷுக்குள்ள ஓடுது, அத தொடச்சு காய்ஞ்ச மாதிரியே போடணும், கிரீஸ் வேணாம். ஒரே வண்டில முன்னாடி ஒரு முறை, பின்னாடி ஒரு முறை, இது தெரியாமதான் பாதிப்பேரு எல்லா இடத்துலயும் பூசி விட்டுர்றாங்க.

புது பேடு கைல ரெடியா இருக்கு, போட்டு மூடிட்டா சாயங்காலமே வண்டி ஓடும். ஆனா அந்த உப்பின ரப்பரோட போட்டா ஆறு மாசத்துல புது பேடும் இதே கதிதான். அதனால பின்னு, ரப்பர் உறை சேர்ந்த கிட் ஒண்ணு ஆர்டர் போட்டுட்டு வண்டிய ஸ்டாண்டு மேலயே விட்டுட்டேன், மேல தார்ப்பாய் போட்டு மூடி. ஒரு வாரம் முழுக்க காலைல எந்திரிச்சதும் வாசல்ல அத பாத்துட்டுத்தான் காப்பி குடிச்சேன்.

கிட் வெள்ளிக்கிழமை வந்துச்சு. ரெண்டாவது ஞாயிறு பின் வேலை. கேரியர்ல பேடு உக்கார்ற இடத்துல இருந்த தகட்டுக் கிளிப்ப எடுத்துட்டு வயர் பிரஷ் போட்டு துருவ சுரண்டினேன், மிச்சத்த உப்புத்தாள் வச்சு தேச்சேன். தூள ஏர் அடிச்சு ஊதாதீங்க, அது மூச்சுல போகவே கூடாது, மாஸ்க் போட்டுட்டு கிளீனர் அடிச்சு துணியால துடைங்க. புது கிளிப் போட்டு பேட வச்சா கை விரலால தள்ளினாலே நகரணும், தட்டி ஏத்தற மாதிரி இருந்தா இன்னும் துரு இருக்குன்னு அர்த்தம்.

பின் பிஸ்டன்தான் நேரம் எடுத்த வேலை. ஹேண்ட் பிரேக் மெக்கானிசம் இதுக்குள்ளயே இருக்கறதால முன்னாடி மாதிரி கிளாம்ப் வச்சு அமுக்கினா போகாது, வற்புறுத்தினா உள்ள இருக்கற திருகு போயிரும். டூலோட ரெண்டு முளையயும் பிஸ்டன் முகத்துல இருக்கற பள்ளத்துல பொருத்தி, அமுக்கிக்கிட்டே வலப்பக்கமா சுத்தணும். மொதல்ல சுத்துது ஆனா உள்ள போகல, ஏன்னா நான் அழுத்தம் குடுக்காம வெறுமன சுத்தியிருக்கேன். டூல் ஸ்க்ரூவ இறுக்கி, கால் சுத்து, மறுபடி இறுக்கி, கால் சுத்துன்னு போனதும் மெதுவா இறங்க ஆரம்பிச்சுது. பிஸ்டன சுத்தி இருக்கற தூசி ரப்பர் கூடவே முறுக்கிக்கப் பாக்கும், நாலு சுத்துக்கு ஒரு தடவ விரலால நீவி நேரா விட்டேன். அது கிழிஞ்சா தண்ணி உள்ள போயி பிஸ்டனே துரு பிடிச்சுரும்.

புது பின்னு ரெண்டுக்கும் மெல்லிசா சிலிகான் கிரீஸ் தடவி உள்ள விட்டேன். தள்ளினா போகுது, விட்டா காத்து அடைச்ச மாதிரி மெதுவா திரும்பி வருது. அந்த ஒரு அசைவ பாக்கத்தான் ஒரு வாரம் காத்துக்கிட்டு இருந்தேன், சித்தப்பாவக் கூப்பிட்டு காட்டினேன், அவரும் ரெண்டு தடவ தள்ளிப் பாத்தாரு. பின் சக்கர காலிப்பர் போல்ட்டு 13 எம்எம், கைடு பின்ன 15 ஸ்பேனரால பிடிச்சுக்கிட்டு 35 நியூட்டன் மீட்டர் இறுக்கம், பழைய போல்ட்ட திரும்பப் போடக்கூடாது, புதுசுதான். முன் கைடு பின் 30. வீல் போல்ட்டு 120, அதுவும் வண்டி தரைல இறங்கினதுக்கு அப்புறம் குறுக்கு மறுக்கா ஒண்ணு விட்டு ஒண்ணு இறுக்கணும்.

இன்னொண்ணு, இத மட்டும் தயவு செஞ்சு மறக்காதீங்க. எல்லாம் மாட்டினதும் வண்டிய எடுத்துராதீங்க. பிஸ்டன் எல்லாம் உள்ள தள்ளி இருக்கும், முதல் மிதில பெடல் அடி வரைக்கும் போகும், பிரேக்கே இருக்காது. வாசல்ல நிறுத்தி வச்சே மிதிச்சுக்கிட்டே இருந்தேன், நாலாவது மிதில கொஞ்சம் தட்டுப்பட்டுச்சு, எட்டாவதுல கல்லு மாதிரி நின்னுச்சு. அப்புறம் பிரேக் ஆயில் மட்டத்த மறுபடி பாத்துட்டுத்தான் கேட்ட திறந்தேன்.

மறுநாள் விடியக்காலை 5 மணிக்கு பாலக்கோடு ரோட்டுல பேடு பதிய வைக்க போனேன். முன்ன பின்ன யாரும் இல்லாத இடமா பாத்து 60-ல இருந்து 15 வரைக்கும் நிதானமா குறைக்கறது, முழுசா நிறுத்தாம மறுபடி ஏத்தறது, இப்படி பத்து தடவ. ஆறாவது ஏழாவது தடவ லேசா ஒரு வாடை வந்துச்சு, புது பேடுக்கு அது சகஜம். முடிச்சதும் பிரேக் தொடாம அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டேன். சூடா இருக்கும்போது பெடல மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னா பேடோட பொருள் டிஸ்க்ல ஒரே இடத்துல அப்பிக்கும், அப்புறம் பிரேக் அடிக்கறப்பெல்லாம் அதிரும்.

அடுத்த நாள் சித்தப்பாவ பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு தொப்பூர் இறங்கினேன். பேடில் ஷிப்ட்ல மூணாவது கியர்ல போட்டு எஞ்சின்லயே பிடிச்சு, தேவைப்பட்டப்ப மட்டும் பிரேக். டீசல மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல இறங்கி லைனர் பழுத்து நின்ன வண்டிங்கள எத்தன பாத்திருக்கேன்னு அவரு இறக்கம் முடியற வரைக்கும் சொல்லிட்டே வந்தாரு. கீழ டீக்கடைல நிறுத்தினதும் நான் எதுவும் கேக்கல, அவரே இறங்கி சுத்தி வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் கைய நீட்டினாரு. பின்னாடி ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு தடவ மாறி மாறி போனாரு. "ரெண்டும் ஒண்ணா இருக்கு கண்ணு"ன்னு சொல்லிட்டு டீ வாங்கப் போயிட்டாரு. நானும் தொட்டுப் பாத்தேன், ஒரே சூடுதான்.

மிச்சம் இருக்கறது அந்த டீத்தண்ணி கலர் பிரேக் ஆயில். அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கும், டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறிட்டா அந்த அளவு 155-க்கு வந்துருது, கணவாய் இறக்கத்துல அந்த வித்தியாசம் ரொம்ப பெருசு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், இதுல கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு பில்லே இல்ல. ஒரு லிட்டர் டப்பா வாங்கியாச்சு, பிளீடிங் பண்ண, அதாவது பழைய ஆயிலயும் காத்தயும் வெளிய எடுக்க, ஒளி ஊடுருவற டியூப் ஒரு மீட்டர் வாங்கியாச்சு. வர்ற ஞாயிறு பண்றதா இருக்கேன், பெடல் மிதிக்க சித்தப்பா வர்றேன்னு சொல்லியிருக்காரு.