உப்புத் தூவிய ரோட்டில் பழைய வேன்

காரைக்குடியில் வேனின் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்றால் பட்டறையில் விட்டுவிட்டு, கொப்புடையம்மன் கோயிலுக்கு ஒரு நடை போய்வரலாம். பெரும்பாலும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை, அதாவது புஷ், தேய்ந்திருக்கும். பழைய புஷ்ஷை அழுத்து எந்திரமான பிரஸ்ஸில் வைத்துத் தள்ள அங்கே ஆள் உண்டு, கூலியும் கட்டுப்படியாகும். இங்கிலாந்தில் புஷ் விலை கொஞ்சம்தான். கூலி மணிக்கணக்கில் ஏறும். அதனால் இங்கே நாமே புஷ்ஷை மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். வரவு செலவு செட்டிநாட்டுக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்று வயது தாண்டிய வேனுக்கு இங்கே ஆண்டுதோறும் எம்.ஓ.டி. எனும் தகுதிச் சோதனை உண்டு. சோதிப்பவர் நெம்புகோலால், சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மை நெம்பிப் பார்ப்பார். ஆட்டம் மிகுந்தால் வண்டி தேறாது. ரப்பரின் மேல்பூச்சில் மட்டும் வெடிப்பு என்றால் பதற வேண்டாம். வேகத்தடையில் தட்டும் சத்தம், பிரேக் அழுத்தினால் ஒருபக்கம் இழுப்பது, டயரின் ஓரம் மட்டும் தேய்வது எல்லாம் சேர்ந்து வந்தால் புஷ்ஷைப் பாருங்கள்.

ஊரில் புஷ்ஷைக் கொல்வது பள்ளமும் வெயிலும். இங்கே மல்லுக்கட்டுவது போல்ட்டோடுதான். பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு, போல்ட்டின் தண்டையும் புஷ்ஷின் உள்குழாயையும் துருவால் ஒட்டிவிடும். நட்டு கழன்றாலும் போல்ட் உருவ வராது. இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். அப்படியும் மசியாவிட்டால் ஆர்முக்கும் அதை வண்டியில் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மின்ரம்பத்தால் இருபுறமும் அறுத்தெடுப்பதுதான் வழி. அதனால் புது போல்ட்டும் நட்டும் கையில் இல்லாமல் வேலையைத் தொடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி பாதியில் நிற்கும்.

சமமான கான்கிரீட் தரை வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை, முன்னால் இருபுறமும் வண்டியைத் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

பல வேன்களுக்குப் புஷ், சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் எல்லாம் பொருத்திய முழு ஆர்மே கிடைக்கிறது. விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால் என் ஓட்டு அதற்குத்தான், இரண்டு பக்கமும் சேர்த்து. புஷ் மட்டும் மாற்றுபவர்கள், பழையதன் ரப்பரில் உள்ள பள்ளங்கள் எந்தத் திசை நோக்கியிருக்கின்றன என்று ஆர்மில் பெயின்டால் குறித்துக்கொள்ள வேண்டும். திருப்பிப் போட்டால் வண்டியின் குணமே மாறும். ரப்பரைத் தீவைத்து எரிப்பது ஊர்ப் பழக்கம். இங்கே வேண்டாம், புகை நஞ்சு, அண்டை வீட்டார் சும்மா இருக்கமாட்டார்கள். நடு ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, வெளி இரும்பு வளையத்தை ஹாக்ஸாவால் உள்ளிருந்து ஒரு கோடு அறுத்தால் உளியால் மடங்கிவிடும். ஆர்மில் ரம்பம் படக்கூடாது.

புதியதை ஏற்ற, கனமான மரையுள்ள நீளக் கம்பி, நட்டு, தடித்த வாஷர், அளவான குழாய்த்துண்டு போதும். அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர். எஞ்சின் ஆயிலும் கிரீசும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

பலரும் கோட்டைவிடுவது கடைசி முறுக்கில். ரப்பர் புஷ் சுழலாது. உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியிருந்து முறுகித் திரும்பும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். முதலில் கையிறுக்கம் மட்டும். ஆர்முக்கடியில் ஜாக்கி வைத்து வழக்கமான உயரத்துக்குத் தூக்கியோ, சக்கரங்களைச் சரிவுப்பலகையில் ஏற்றியோ பாரம் கொடுத்தபின் முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால், வண்டியின் கைநூலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். பாலியூரித்தேன் புஷ் தானே சுழலும், அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கூட வரும் சிலிக்கான் கிரீசைத் தாராளமாகப் பூசினால் கிறீச்சிடாது.

முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பூட்டுவதற்கு முன் போல்ட்டின் மரையில் படாமல், வழவழப்பான தண்டில் மட்டும் துரு ஒட்டாமல் காக்கும் செம்புப் பசை (காப்பர் கிரீஸ்) தடவியிருந்தால் அடுத்த முறை ரம்பம் தேட வேண்டியிராது.