வேலையை விட்டேனா, விட்டுக்கொண்டிருந்தேனா?

தண்டையார்பேட்டையில் என்னிடம் இங்கிலீஷ் படிக்கிற பசங்க, ஹார்பர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போனால் 'ஐ வாஸ் குவிட்டிங் மை ஜாப்' என்கிறார்கள். இலக்கணம் சரிதான். ஆனால் கேட்பவர், 'அப்போ இன்னும் விடலையா?' என்றுதான் நினைப்பார். குவிட் ஒரே நொடியில் முடிகிற வினை. அதோடு வாஸ், இங் சேர்ந்தால் விடுவதாக இருந்தேன், நடுவில் ஏதோ நடந்தது என்று அர்த்தம் வரும். 'ஐ வாஸ் குவிட்டிங் ஆன் ஃப்ரைடே, பட் தே கேவ் மீ எ ரைஸ்.' அருமையான வாக்கியம்! (சம்பளம் ஏறினால் யார்தான் போவார்கள்?) விட்டாச்சு என்றால் 'ஐ குவிட்' போதும், இறந்தகாலத்துக்கும் அதே வடிவம்தான். அப்புறம், குவிட்டிங்கில் இரண்டு 'டீ' வரும் தம்பிகளா, நாயர் கடை டீ இல்லை.