டர்பனில் அம்மாவுக்கு சிடி ஸ்கேன்

எங்களோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் அம்மாவுக்கு வயிற்றுவலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். அது ஒலியலைதான், கதிர்வீச்சு கிடையாது. பித்தப்பையில் கல் இருப்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வலி முதுகு வரை போனதால் டாக்டருக்குக் கணையத்தின் மேல் சந்தேகம். குடலில் வாயு இருந்தால் ஒலியலை அதைத் தாண்டாது, பின்னால் உள்ள கணையம் மறைந்துவிடும். அதனால் சிடி எழுதிக் கொடுத்தார்.

"அதை எடுத்தா புத்துநோய் வரும்னு கோயில்ல சொன்னாங்கப்பா" என்றார் அம்மா. அது வீண் பயமில்லை. சிடியும் எக்ஸ்ரேதான். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எடுத்ததைக் கணினி கணக்குப் போட்டுக் குறுக்குவெட்டுப் படமாக்கித் தருகிறது. வயிற்று சிடி ஒன்றில் உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 8 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து ஒருவருக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4. ஆக, மூன்று வருடக் கணக்கு ஒரே நாளில் சேர்ந்துவிடும். அப்படியும் அதனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியது. கணைய வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு எடுப்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது. குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ என்றால் வேறு வழி உண்டா என்று இன்னும் அழுத்திக் கேட்டிருப்பேன்.

கணினி சிடி படத்தை உருவாக்கும் கணக்குக்கு அடித்தளம் போட்ட ஆலன் கார்மக் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர், 1956இல் கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரம் வேலை பார்த்தவர், 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் என்று சொன்னேன். "இந்த ஊர்க்காரரா!" என்ற அம்மா, அப்புறம் மறுக்கவில்லை.

மெடிக்கல் எய்டில் (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) முன் அனுமதி வாங்கினோம். படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் அயோடின் மருந்து ஏற்ற வேண்டும் என்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தார்கள். சிறுநீரக வேலை கொஞ்சம் குறைந்திருந்தது. எனவே சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினை ஸ்கேன் அன்றும் அடுத்த 48 மணி நேரமும் நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்த்த பிறகுதான் தொடங்கச் சொன்னார்கள். தினமும் போடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

இயந்திரம் ஆங்கிலத்தில்தான் "மூச்சை இழுங்கள், பிடியுங்கள்" என்று சொல்லும். அம்மாவுக்குப் புரியாது. மூச்சு அசைந்தால் படம் கலங்கிவிடும். வெளியே உட்கார்ந்திருந்தபோதே அந்த இரண்டு சொல்லையும் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும், ஆனால் போயிருக்காது என்று ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபர் முன்பே சொன்னதையும் தமிழில் சொல்லிவைத்தேன். அதனால் அம்மா பதறாமல் படுத்திருந்தார். ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்தது. அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்க வைத்தோம்.

கணையத்தில் லேசான வீக்கம், பித்தக்கல்தான் காரணம். படங்களைக் குறுந்தகட்டில் பதிந்து வாங்கிக்கொண்டேன். அறுவை சிகிச்சை டாக்டர் அதையே பார்த்தார், இன்னொரு சிடி தேவைப்படவில்லை. பித்தநாளத்துக்கு எம்ஆர்ஐ மட்டும் எழுதினார். அதில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் பலத்த காந்தம், காதைப் பிளக்கும் சத்தம். பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்டார்கள், நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாலிச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிக்கொண்டு வந்தார் அம்மா. அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.